ஆறாவது தீர்மானமும் ஒரு அறுக்குளாத் துண்டும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டுப் பகல் சாப்பாட்டில் ஒரு மீன் துண்டு ஐந்து தடவை இடம் மாறியது.

நான் மகள் பக்கம் தள்ளினேன். அவள் என் பக்கம் திருப்பித் தள்ளினாள். நான் மறுபடியும் தள்ளினேன். அவளும் விடவில்லை. ஐந்தாவது தடவை நான் கை வைத்தபோது மனைவி பௌசியா ஒரு பார்வை பார்த்தாள் — மீன் நடுவழியிலேயே நின்றுவிட்டது. சரியாகச் சொன்னால் நாலரைத் தடவை.

நல்ல அறுக்குளா. காலையில் கற்பிட்டியிலிருந்து வந்த மீன். பதமாகப் பொரித்த நடுத்துண்டு. மற்ற நாள் என்றால் அதை எடுக்கத்தான் எங்கள் வீட்டில் சண்டை நடக்கும். அன்று வேண்டாம் என்பதற்காக நடந்தது. அதுவும் ஒரு சத்தமில்லாமல்!

இதை எழுதுவதா, விடுவதா என்று மூன்று வாரம் யோசித்தேன். இந்தப் பத்தியில் உங்களுக்கு நான் சொல்லாத புத்திமதி இல்லை. கோபத்தை அடக்குவது எப்படி, அயலவருடன் அனுசரித்துப் போவது எப்படி, பிள்ளைகளுடன் மனம் விட்டுக் கதைப்பது எப்படி... எல்லாம் எழுதியாயிற்று. எழுதுகிறவர் அதில் ஒன்றையாவது செய்கிறாரா என்று நல்லவேளையாக யாரும் கேட்டதில்லை. இந்த வாரம் நானே சொல்லிவிடுகிறேன்.

கதை ஒரு டயறியிலிருந்து தொடங்குகிறது.

புத்தளம் டவுனில் நான் ஒரு பாமசி நடத்துவது வழமையாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். வருடம் பிறந்தால் பாமசிக்காரனுக்கு டயறிக்குக் குறைவில்லை. மருந்துக் கம்பனிகளின் பிரதிநிதிகள் ஆளுக்கொன்று கொண்டுவந்து தருவார்கள். மற்றவற்றைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, கறுப்புத் தோல் அட்டை போட்ட ஒன்றை எனக்கென்று வைத்துக்கொண்டேன். அப்படி ஒரு டயறி கையில் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? முதல் பக்கத்தில் 'இந்த வருடம்' என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தேன்.

விடியச் சுபஹுத் தொழுதுவிட்டுக் கடலேரிக் கரையில், களப்போரம் நடப்பது. தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் விடுவது. கடைக்கு வருகிறவர்களுடன் அரசியல் கதைக்காமல் இருப்பது. படுக்கப் போகும்முன் பத்துப் பக்கம் வாசிப்பது. சாப்பிடும்போது ஃபோனைத் தொடாமல் இருப்பது. மொத்தம் ஐந்து. இந்த ஐந்தையும் செய்துவிட்டால் அன்றாட வாழ்க்கை தானாகவே சந்தோஷமாகிவிடும் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

களப்போர நடை என்ன ஆனது தெரியுமா? முதல் நாள் தனியாகப் போனேன். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு மஜீத் நானாவும் சேர்ந்துகொண்டார். தங்கமான மனிதர்... ஆனால் நடப்பதில் அவ்வளவு விருப்பம் இல்லாத மனிதர். போகிற வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. ஒரு வாரத்தில் எங்கள் நடை அந்தக் கடைவரை என்று சுருங்கிவிட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு தேங்காய் ரொட்டி, அதற்குக் கட்டைச் சம்பல். மாத முடிவில் பாமசியில் இருக்கும் நிறை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றேன். கூடியிருந்தது. இயந்திரத்தைத் திருத்தக் கொடுக்க வேண்டும் என்று பௌசியாவிடம் சொன்னேன். அவள் என் வயிற்றைத்தான் பார்த்தாள்.

சீனியை மட்டும் விட்டது நிஜம். பதிலுக்குப் பனங்கட்டி கடித்துக்கொண்டு குடித்தேன். மன்னாரிலிருந்து சாச்சி அனுப்பியது. "பனங்கட்டி சீனி இல்லையே" என்று நான் விளக்கம் சொல்ல, நீரிழிவுக்கு மருந்து வாங்க வந்திருந்த ஒருவரே வாய்விட்டுச் சிரித்தார். மற்ற மூன்றையும் பற்றித் தயவுசெய்து கேட்காதீர்கள்.

சரி, இப்போது உண்மைக்கு வருவோம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதன் திடீரென்று ஐந்து தீர்மானம் எடுக்கிறான் என்றால் அவன் வீட்டில் ஏதோ சரியில்லை. எங்கள் வீட்டில் எது சரியில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். என் மூத்த மகள் ஸப்னா என்னுடன் கதைப்பதை நிறுத்தியிருந்தாள். நவம்பர் மாதத்திலிருந்து.

ஸப்னாவுக்கு இருபத்திரண்டு வயது. உயர்தரம் முடித்து, ஆங்கில டிப்ளோமாவும் முடித்தவள். சிங்களம் என்னைவிட நன்றாகக் கதைப்பாள். ஆலங்குடாக் கடற்கரையில் ஒரு ஹோட்டல் இருக்கிறது. காற்றுக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று கடல்மேல் ஓடுவார்களே, அவர்கள் வந்து தங்குகிற இடம். அங்கே வரவேற்பு மேசைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்திருக்கிறாள். உம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. கிடைத்தபிறகு சொல்லலாம் என்று இருந்திருக்கிறாள்.

ஆனால் ஒரு பிழை விட்டுவிட்டாள். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் எல்லோரும் விடுகிற பிழை. படிவத்தில் தொலைபேசி இலக்கம் கேட்ட இடத்தில் தன்னுடைய நம்பரை எழுதாமல் வாப்பாவின் நம்பரை எழுதிவிட்டாள். கையில் சொந்தமாக ஃபோன் இருக்கும். பூட்டி வைக்கக் கடவுச்சொல்லும் இருக்கும். ஆனாலும் படிவம் என்று வந்தால் வாப்பாவின் நம்பர்தான் போகும். அதைப் பிள்ளைகள் ஒரு மரியாதையாக நினைக்கிறார்கள். அந்த மரியாதைக்கு நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

ஃபோன் கோல் எனக்கு வந்தது. கடையில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம். சிங்களத்தில் ஒரு மனிதர், தன்மையான குரல். "மிஸ் ஸப்னாவைத் திங்கட்கிழமை நேர்முகத்துக்கு வரச் சொல்லத்தான் எடுத்தேன்" என்றார். எந்த இடம், என்ன வேலை என்று கேட்டேன். சொன்னார்.

"மகளிடம் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு என்ன செலவு? ஒன்றுமில்லை. நான் சொன்னது இது: "மகளுக்கு இனி வேலை தேவைப்படாது மாத்தயா. கலியாணம் பேசி முடித்தாயிற்று."

கலியாணமாவது, பேசுவதாவது! அதுவரை ஒரு கலியாணத் தரகர்கூட எங்கள் வாசலை மிதித்ததில்லை. யோசித்துச் சொன்ன பொய்யும் இல்லை. வாயைத் திறந்தேன், தானாக வந்து விழுந்தது. அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார். நான் அடுத்த ஆளின் மருந்துத் துண்டை வாங்கிப் பார்த்தேன்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது நடந்ததைச் சொன்னேன். ஒளிக்கவில்லை. ஏதோ பெரிய ஆபத்திலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டவன் மாதிரிச் சொன்னேன். ஸப்னா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா வாப்பா?"

"இதுல கேக்குறதுக்கு என்ன மகள் இருக்கு?" என்றேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் ஸலாம் சொன்னால் பதில் சொல்வாள். அது கடமை, அதில் குறை வைக்க மாட்டாள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. நான் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருப்பேன். "உம்மா, வாப்பாக்கு டீ வேணுமான்டு கேளுங்க" என்பாள். உம்மா கேட்பாள். நான் ஓம் என்பேன். உம்மா "ஓமாம்" என்பாள். மூன்று பேரும் இருப்பது ஒரே அறையில்!

இதில் இன்னொரு விசயம் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன் இதே இடத்தில், மகளைப் படிக்கவைத்துவிட்டு வேலைக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருக்கும் வாப்பாமாரைப் பற்றி நான் காரசாரமாக எழுதியிருந்தேன். உங்களில் பலர் பாராட்டிக் கடிதம்கூடப் போட்டீர்கள். ஸப்னா அந்தப் பத்தியைத் தேடி எடுத்து வெட்டி, ஹோலில் இருக்கும் அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள். என் சேர்ட்டுகள் இருக்கும் பக்கம். தினமும் காலையில் என்னை நானே வாசித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். ஒட்டியதை உரித்துவிடலாம்தான். உரிப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டுமே...

மகளிடம் போய் "நான் செய்தது பிழை" என்று சொல்ல வேண்டிய நேரத்தில் நான் சீனியை விட்டேன். அதுதான் உண்மை. டயறியில் எழுதிய ஐந்தில் ஒன்றாவது ஸப்னாவைப் பற்றியதா? இல்லை. எல்லாம் என் உடம்பு, என் புத்தகம், என் ஃபோன். செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருக்க மனிதன் எவ்வளவு பாடுபடுகிறான் பாருங்கள். விடியற்காலையில் எழும்பி நடக்கக்கூடத் தயாராக இருக்கிறான்!

மார்ச் மாதம் தில்லையடியில் ஒரு கலியாணத்துக்குப் போனேன். எங்கள் கலியாணங்களில் சஹன் சாப்பாடு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, அதன்மேல் கறிகளை வைத்து, சுற்றிவர ஆறு பேர் பாயில் உட்கார்ந்து அதே தட்டில் சாப்பிடுவது. யாருடன் உட்கார்வது என்று தெரிவுசெய்ய முடியாது. வரிசையில் யார் வருகிறார்களோ அவர்கள்தான். அன்று எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தவர் ஓட்டோக்கார ஹமீது. பாமசி வாசலில் ஓட்டோவை நிறுத்துவதைப் பற்றி நாங்கள் இருவரும் சண்டை போட்டுப் பல வருடம். ஒரே தட்டில் கை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் முறைப்பது? இறைச்சித் துண்டு ஒன்றை அவர் என் பக்கம் தள்ளிவிட்டார். நான் அவர் பக்கம் கொஞ்சம் அச்சாறைத் தள்ளினேன். கடைசியில் இனிப்புக்கு வட்டலப்பம் வரும்போது அவருடைய முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே உற்சாகம். ஆகா, மருந்து கிடைத்துவிட்டது! வீட்டுக்கு வந்து டயறியில் ஆறாவதாக எழுதினேன்: வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிறகு குடும்பத்தோடு ஒரே சஹனில் பகல் சாப்பாடு.

பௌசியா தன் கலியாணத்துக்கு வந்த சஹனை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கிக் கழுவினாள். "இது எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். "குடும்பம் ஒண்டா இருக்கத்தான்" என்றேன். கழுவுவதை ஒரு நிமிடம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு கழுவினாள்.

சஹனில் சில ஒழுங்குகள் இருக்கின்றன. தன் முன்னால் இருப்பதை மட்டும் சாப்பிட வேண்டும். நல்ல துண்டு தன் பக்கம் இருந்தால் அடுத்தவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். முக்கியமானது — கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழும்பக் கூடாது. ஒருவர் எழும்பினால் மற்றவர்கள் வெட்கப்பட்டு அரைவயிற்றோடு எழும்பிவிடுவார்கள் என்பதால் அந்த ஒழுங்கு. அதைத்தான் நான் நம்பியிருந்தேன். நான் மெதுவாகச் சாப்பிட்டால் ஸப்னா உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? உட்கார்ந்தால் கதைத்துத்தானே ஆக வேண்டும்?

முதல் வெள்ளிக்கிழமை நான் சாப்பிட்ட மாதிரி யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பருக்கையாக. ஸப்னா பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். கையில் சோறு காயக் காயக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். கதைக்கவில்லை. "வாப்பாக்குப் பல்லு வலியா உம்மா?" என்று கேட்டது பன்னிரண்டு வயதுச் சின்ன மகள் ரீமா.

இரண்டாவது வெள்ளிக்கிழமையும் அப்படியே. நான் தேர்தல், வெயில், தேங்காய் விலை என்று ஏதேதோ எடுத்துவிட்டேன். பௌசியா ஓம் என்றாள், ரீமா சிரித்தாள். ஸப்னா சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமைதான் அந்த அறுக்குளாத் துண்டு.

பௌசியாவின் பார்வையில் மீன் நடுவழியில் நின்றதைச் சொன்னேன் அல்லவா? அப்போதுதான் ஸப்னா தலையை நிமிர்த்தினாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு நேராக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தாள்.

"வாப்பா, உங்களுக்கு மீன் துண்டத் தள்ள ஏலும். 'நான் செஞ்சது பிழை' என்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதா?"

நான் எதிர்பார்த்திருந்த கதை இது இல்லை. கொஞ்சம் யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் ஒழுங்காக ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ. வாயில் வந்தது, எல்லா வாப்பாமாருக்கும் வருகிற அதே வசனம்தான்.

"உங்கட நல்லதுக்குத்தானே மகள்..."

ஸப்னா எழும்பிவிட்டாள்.

நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சஹனை விட்டு எழும்பிப் போய்விட்டாள். சின்ன வயதிலிருந்து ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. ரீமாவின் கை அந்தரத்தில் நின்றது. அறைக் கதவை அடித்துச் சாத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

"நானும் எழும்பவா?" என்று கேட்டாள் பௌசியா.

"நீங்க ஏன்..."

"இல்ல, கேக்கிறன். அவக்கிட்ட நல்லதுக்கு என்டீங்க, எனக்கிட்ட அண்டைக்கு வேற கத சொன்னீங்க. ஊர் என்ன சொல்லும், ஊர் என்ன சொல்லும் என்டு. எந்த ஊர்? இது நான் பொறந்த ஊர். என்ட மாமா, என்ட சாச்சா, என்ட சொந்தம். என்ட ஊர் என்ன சொல்லுமென்டு நானே பயப்பிடல்ல. நீங்க ஏன் பயப்பிடுறீங்க?"

பதில் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கியவர்கள் நாங்கள். இந்த ஊர் எங்களுக்கு இடம் தந்தது. பள்ளிவாசலில் படுக்க விட்டது, சோறு தந்தது, எனக்குப் பெண்ணும் தந்தது. அன்றிலிருந்து எனக்குள் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்னொருவர் வீட்டுக்கு வந்தவன் நடந்துகொள்கிற மாதிரியே நடப்பது. சத்தம் போடாதே. முன்னுக்கு நிற்காதே. "வந்தவங்கட பிள்ளையப் பாத்தீங்களா" என்று ஒரு வாய் சொல்ல இடம் வைக்காதே. யுத்தம் முடிந்தது. பாதை திறந்தது. மன்னாருக்குப் போய் எங்கள் காணியில் பற்றை வெட்டிவிட்டும் வந்தேன். இங்கே கடை இருக்கிறது, வீடு இருக்கிறது, பிள்ளைகள் இரண்டும் இங்கே பிறந்தவர்கள். நான் மட்டும் இன்னும் விருந்தாளியாகவே உட்கார்ந்திருக்கிறேன். அதோடு விட்டேனா? இந்த மண்ணில் பிறந்த மகளையும் விருந்தாளியாக்கப் பார்த்தேன்.

இதையெல்லாம் பௌசியாவிடம் சொல்லவில்லை. எழும்பினேன். ஒழுங்கை மீறிய இரண்டாவது ஆள் நான்.

ஸப்னாவின் அறை வாசலில் போய் நின்றேன். கை கழுவவில்லை. கழுவப் போனால் திரும்பி வர மாட்டேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும்.

"மகள், நான் பொய் சொன்னன். உங்களக் கேக்காமச் சொன்னன். நான் செஞ்சது பிழை."

எவ்வளவு சின்ன வசனங்கள்! வாரா வாரம் இத்தனை சொல் எழுதுகிறேன். இந்த மூன்றையும் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

ஸப்னா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எனக்கிட்டச் சொல்லிச் சரியாகுமா? நீங்க பொய் சொன்னது அவங்களுக்கிட்ட."

நியாயமான கேள்விதான். ஆனால் நியாயமான கேள்விகளுக்குத்தான் மனிதன் அதிகம் தடுமாறுகிறான். "இப்ப வெள்ளிக்கிழம, பகல் நேரம், அங்க ஆள் இருக்குமோ தெரியாது..." என்று இழுத்தேன். அதற்குள் ரீமா என் ஃபோனைக் கொண்டுவந்துவிட்டாள். அந்த நம்பர் இன்னும் இருந்தது. வலது கையில் சோறு. இடது கையால் அழுத்த, ரீமா ஃபோனைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரையும் போட்டுவிட்டாள். யாரும் கேட்காத உதவி!

அதே தன்மையான குரல். என் பெயரைச் சொன்னேன். அவருக்கு ஞாபகம் இல்லை. ஸப்னா என்றேன். எந்த ஸப்னா என்றார். அவருக்கு ஞாபகம் இருந்திருந்தால் பாதியில் முடித்திருக்கலாம். இல்லாததால் முதலிலிருந்து முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று — சிங்களத்தில், இரண்டு மகள்மாருக்கு முன்னால். நவம்பரில் நீங்கள் எடுத்தீர்கள். மகளுக்குக் கலியாணம் பேசிவிட்டோம் என்று சொன்னேன். அது பொய். அவளுக்கு அந்த வேலை வேண்டும். அவளைக் கேட்காமல் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் ஏதோ காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "அந்த இடத்துக்கு அப்போதே ஆள் எடுத்துவிட்டோமே."

நான் ஸப்னாவைப் பார்த்தேன். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த நிமிடம் எனக்கு என்மேல் வந்த கோபத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. என் மகள் ஒரு கதவைத் தானாகத் தேடிப் போய்த் தட்டியிருக்கிறாள். அது திறந்திருக்கிறது. நான் போய்ச் சாத்திவிட்டு வந்திருக்கிறேன்.

அவர் இன்னும் ஃபோனில்தான் இருந்தார். மே மாதம் காற்றுத் தொடங்கிவிடும், அப்போது இன்னும் ஆட்கள் தேவைப்படலாம், நேரில் வந்து புதிதாக விண்ணப்பம் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். கடைசியாக ஒன்றும் சொன்னார். "இந்த முறை அவங்கட சொந்த நம்பரை எழுதச் சொல்லுங்க."

ஸப்னா எழும்பி வந்து ரீமாவின் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள். எந்த நாள், எத்தனை மணிக்கு, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று அவளே சிங்களத்தில் கேட்டாள். முடித்துவிட்டு ஃபோனைத் திரும்ப ரீமாவிடம்தான் கொடுத்தாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

சஹனுக்குத் திரும்பி வந்தால் மீன் துண்டைக் காணவில்லை.

"நான் திண்டிட்டன்" என்றாள் பௌசியா. "ஆருக்கும் வேணாமென்டீங்களே."

அடுத்த புதன்கிழமை உம்மாவும் மகளும் ஆலங்குடாவுக்குப் போனார்கள். அதற்கு முன், மகளை நானே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன். ரீமா உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து "வேணாமாம்" என்றாள். பஸ்ஸில் போனார்கள். நேர்முகம் நடந்தது. பயிற்சிக்கு எடுத்தார்கள். மூன்று மாதம் பார்ப்பார்களாம். இந்த மாதம் முதலாம் திகதியிலிருந்து காலையில் போய் மாலையில் வருகிறாள். முதல் வாரத்தில் மஜீத் நானா களப்போரத்தில் வைத்துக் கேட்டார்: "மகள் ஹோட்டல் பக்கம் போறாவாமே?" நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஓம், வேலைக்குப் போறா" என்றேன். வானம் இடிந்து விழவில்லை. "என்ட மருமகளுக்கும் அங்க ஏதும் எடம் இருக்குமோ?" என்றார் அவர். இத்தனை வருடமாக நான் பயந்து செத்த ஊர் இதுதான்!

வெள்ளிக்கிழமைகளில் ஸப்னாவுக்கு வேலை. வாரக் கடைசிக்கு ஆட்கள் வருகிற நாளாம், விடமாட்டார்களாம். ஆகவே ஆறாவது தீர்மானமும் போயிற்று. இப்போது சஹனைச் சுற்றி நாங்கள் மூன்று பேர்தான். டயறியில் அந்த வரியையும் வெட்டினேன். மற்ற ஐந்தையும் வெட்டும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இதை வெட்டும்போது அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே வெட்டினேன்.

எனக்கு இப்போது ஒரு சந்தேகம் இருக்கிறது. சந்தோஷமாக வாழ வழி தேடி நாம் எடுக்கிற தீர்மானங்கள் ஏன் எல்லாம் தனியாகச் செய்யக்கூடியவையாகவே இருக்கின்றன? தனியாக நடக்கலாம். தனியாகச் சீனியை விடலாம். தோற்றாலும் யாருக்கும் தெரியாது, மறுவருடம் புது டயறி வந்துவிடும். இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம் ஒன்று எல்லோருக்கும் இருக்கிறது. அதை மட்டும் யாரும் டயறியில் எழுதுவதில்லை. உங்களுடையது எது என்று நான் கேட்கப் போவதில்லை. உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வேலை தொடங்கியபிறகும் ஸப்னா என்னிடம் அளந்துதான் கதைத்தாள். ஓம், இல்லை, சரி. உம்மா வழியாக டீ கேட்பது நின்றுவிட்டது, அவ்வளவுதான். உடைத்தது நான். ஒட்டுகிற வேகத்தை அவள்தான் தீர்மானிக்க வேண்டும். நானும் அவசரப்படுத்தவில்லை. மீன் துண்டு எதையும் தள்ளவும் இல்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல். கடையில் நாலைந்து பேர். ஃபோன் அடித்தது. ஸப்னாவின் பெயர். நவம்பருக்குப் பிறகு அந்தப் பெயர் என் ஃபோனில் தெரிந்தது அன்றுதான். ஏதும் நடந்துவிட்டதோ என்று பயந்துபோய் எடுத்தேன்.

"வாப்பா, இங்க ஒரு கெஸ்டுக்குக் காதுக்குள்ள கடல்தண்ணி போய் நல்லா வலிக்குதாம். என்ன மருந்து வாங்கிக் குடுக்கலாம்?"

என் மகள் என்னிடம் ஒன்று கேட்கிறாள்! விடுவேனா? காதுக்குள் தண்ணீர் ஏன் தேங்குகிறது, பஞ்சுக் குச்சி ஏன் போடக் கூடாது, காற்றுக் காலத்தில் அது ஏன் கூடும், எந்த நிலைமையில் கட்டாயம் டொக்டரிடம் காட்ட வேண்டும்... தொடங்கிவிட்டேன். முன்னால் நின்றவர்கள் மருந்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹமீது ஓட்டோவைச் சரியாகக் கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்து அவரும் நின்று கேட்டார்.

"வாப்பா... வாப்பா" என்று ஸப்னா இடையில் நிறுத்தினாள். "ஆள் முன்னுக்கு நிக்கிறார். இப்ப மருந்துட பேர மட்டும் சொல்லுங்க. மிச்சத்த வீட்ட வந்து கதைக்கிறன்."

சொன்னேன். எழுதிக்கொண்டு ஃபோனை வைத்தாள்.

அன்று பாமசியை ஒரு மணித்தியாலம் முந்திப் பூட்டிவிட்டேன்... மருந்துக்கு வந்து திரும்பிப் போனவர்கள் மன்னிக்க வேண்டும்.